உங்களுக்குத் தெரியுமா? விமானம் தாமதமானால் கேட்டு வாங்க வேண்டியவை

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சூளூர்பேட்டைக்காரர்களுக்குக் கவுன்ட்டவுன் பாதியில் நிற்பது பழகிப்போன விஷயம். 2019 ஜூலை 15 அதிகாலை 2.51-க்குக் கிளம்ப வேண்டிய சந்திரயான்-2, இன்னும் 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது நிறுத்தப்பட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்று இஸ்ரோ உடனே அறிவித்தது. ஒரு வாரம் கழித்து ஜூலை 22 அன்றுதான் அது கிளம்பியது. 2023 அக்டோபர் 21 காலை ககன்யான் சோதனைக் கலம் 5 விநாடி பாக்கி இருக்கையில் நின்றது. சற்று நேரத்தில் காரணமும் சொன்னார்கள், பத்து மணிக்கு ஏவியும் விட்டார்கள். நம் ஊரிலிருந்து சென்னைக்கோ ரேணிகுண்டாவுக்கோ போய் விமானம் பிடிக்கிறவர்களும் அந்தக் காரணத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ சாப்பாடு கிடைக்குமா, அறை கிடைக்குமா, பணம் கிடைக்குமா என்பதெல்லாம் காரணத்தை வைத்தே முடிவாகிறது.

*

ராக்கெட்டால் விமானமும் காத்திருக்கும், தெரியுமா? ஏவுதல் நாளில் ஸ்ரீஹரிகோட்டாவைச் சுற்றியுள்ள வான்பகுதியும், வங்காள விரிகுடாவில் ராக்கெட்டின் கழன்ற பாகங்கள் விழும் இடங்களும் குறிப்பிட்ட நேரத்துக்கு மூடப்படும். விமானிகளுக்கும் மாலுமிகளுக்கும் அறிவிப்பு முன்கூட்டியே போய்விடும். ராக்கெட்டும் தன் பங்குக்கு மற்றவற்றுக்கு வழிவிட்டுத்தான் போகிறது. விண்வெளியில் சுற்றும் பொருள்களோடு மோதாமல் இருக்க 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 நான்கு விநாடி தள்ளி ஏவப்பட்டது. அதே மாதம் 30-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. சி-56 ஒரு நிமிடம் தள்ளிப்போனது.

*

விமானத் தாமதத்துக்கு நம் நாட்டில் தனி விதி உண்டு. டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்ட விதித்தொகுப்பில் பிரிவு 3, வரிசை எம், பாகம் 4 என்பது அதன் அடையாளம். 2010 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது, பிறகு சில முறை திருத்தியிருக்கிறார்கள். இந்த எண்ணைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் எண்ணைச் சொல்லிக் கேட்கிற பயணியிடம் ஊழியர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

*

குறுந்தூர விமானத்துக்குத் தாமதக் கணக்கு இரண்டு மணி நேரத்தில் தொடங்குகிறது. பயண நேரம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணமென்றால் மூன்று மணி நேரத் தாமதம். அதற்கும் மேற்பட்ட பயணத்துக்கு நான்கு. சென்னையிலிருந்து பெங்களூரு, ஹைதராபாத், கோவை, மதுரை, ரேணிகுண்டாவிலிருந்து ஹைதராபாத் எல்லாமே முதல் வகையில் வருகின்றன. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்குப் போகும் விமானமும் அப்படித்தான்.

ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் நேரத்தோடு செக்-இன் செய்திருக்க வேண்டும். விமானம் தாமதம் என்று குறுஞ்செய்தி வந்ததும் வீட்டிலிருந்து மெதுவாகக் கிளம்புகிறவர்கள் இந்த உரிமையைத் தாங்களே கைவிடுகிறார்கள். தாமதமான விமானம் திடீரென்று முன்னேறிக் கிளம்புவதும் உண்டு. பழைய நேரத்துக்கே போய்ச் சேருவதுதான் பாதுகாப்பு.

*

2024 நவம்பரில் டிஜிசிஏ இந்த உணவுக் கணக்கை இன்னும் தெளிவாக்கியது. இரண்டு மணி நேரம் வரை தாமதமென்றால் குடிநீர். இரண்டு முதல் நான்கு மணி நேரமென்றால் டீ அல்லது காபியும் கூடவே தின்பண்டமும். நான்கு மணி நேரம் தாண்டினால் சாப்பாடு. கைக்குழந்தையோடும் சர்க்கரை நோயாளியோடும் போகிறவர்கள் இதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கேட்டால்தான் கூப்பன் வரும் என்பதே பல விமான நிலையங்களில் நிலைமை.

*

ஆறு மணி நேரத் தாமதத்துக்கு மேல் கணக்கு மாறுகிறது. உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகுமென்றால், புதிய நேரத்தைப் பழைய நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பே நிறுவனம் தெரிவிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் வேறு விமானத்தில் இடம், அல்லது முழுப் பணம் திரும்ப, இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்வது பயணியின் கையில். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஓட்டல் அறையும், அங்கே போய்வர வண்டியும் இலவசமாகத் தர வேண்டும். பகல் விமானத்துக்கு இந்த அறை உரிமை 24 மணி நேரத் தாமதத்துக்குப் பிறகுதான். இரவு ஒன்பது மணி விமானம் விடிகாலை நான்கு மணிக்கு என்று தள்ளிப்போடப்பட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்க வேண்டியதில்லை.

*

இவ்வளவும் சொன்ன விதி, வெறும் தாமதத்துக்குப் பண இழப்பீடு தரச் சொல்லவில்லை. பலருக்கும் இது தெரியாது. ஐந்து மணி நேரம் காக்க வைத்தார்கள், ஐயாயிரம் தரவேண்டும் என்று வாதாடுவார்கள். பணம் வருவது இரண்டு இடங்களில்: விமானம் ரத்தானால், அல்லது டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தால்.

ரத்துக்கான கணக்கு: பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஆனால் இதிலும் ஒரு வரி இருக்கிறது. இந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். நீங்கள் ஒரு மணி நேரப் பயணத்துக்கு வாங்கிய டிக்கெட்டில் அடிப்படையும் எரிபொருளும் 2,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இழப்பீடு 2,800தான். டிக்கெட் பணம் திரும்ப வருவதோ மாற்று விமானமோ இதற்கு மேல். இரண்டு வாரத்துக்கு முன்பே ரத்து என்று சொல்லிவிட்டால் இழப்பீடு கிடையாது. மாற்று விமானம் அல்லது ரீஃபண்ட் மட்டும். டிக்கெட் எடுக்கும்போது உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைத் தராமல் ஏஜென்ட் எண்ணைப் போட்டிருந்தால், தகவல் தர வழியில்லை என்று நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். டிராவல்ஸ் கடையில் டிக்கெட் எடுக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

*

இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு, நேரத்தோடு வந்தவரை ஏற்ற மறுத்தால்? முதலில், விட்டுக்கொடுக்க யாராவது தயாரா என்று பயணிகளிடம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் தப்பித்தார்கள். 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படையும் எரிபொருளும் சேர்ந்த தொகையின் இரண்டு மடங்கு, 10,000 ரூபாய் உச்சவரம்பு. அதற்கும் மேல் என்றால் நான்கு மடங்கு, 20,000 உச்சவரம்பு. மாற்று விமானமே வேண்டாம் என்கிறவருக்கு முழு ரீஃபண்டோடு அதே நான்கு மடங்கு.

*

"சார், ஆபரேஷனல் ரீசன்." கேட் அருகே நிற்கும் ஊழியர் சொல்லும் பதில் பெரும்பாலும் இதுதான். இது ஒரு காரணமே அல்ல. வானிலை, வான்வழிக் கட்டுப்பாட்டு உத்தரவு, பாதுகாப்பு அச்சுறுத்தல், கலவரம், வெள்ளம், அரசு உத்தரவு போன்றவை நிறுவனத்தின் கையை மீறியவை. அவற்றுக்கு இழப்பீடு கிடையாது. விதியின் சொற்படி பார்த்தால் அத்தகைய தாமதத்தில் சாப்பாடும் அறையும்கூடக் கட்டாயமில்லை. விமானி வரவில்லை, முந்தைய ஊரிலிருந்து விமானம் வரவில்லை, என்ஜினைச் சரிபார்க்கிறார்கள் என்பதெல்லாம் வேறு.

ஆகவே "என்ன ரீசன் என்று மெயிலில் எழுதி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். தர மறுத்தால், கேட்ட நேரத்தையும் சொன்ன பதிலையும் அங்கேயே நிறுவனத்துக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். பக்கத்து ஓடுபாதையில் மற்ற நிறுவனங்களின் விமானங்கள் கிளம்பிக்கொண்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வானிலை என்று பிறகு சொல்லப்படும்போது அந்தக் குறிப்பு பேசும்.

*

சென்னையில் வானிலை உண்மையான காரணமாக இருந்த நாட்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல். ஓடுபாதையில் வெள்ளம் நின்று மறுநாள் காலை வரை விமானமில்லை. பாபட்லா அருகே கரையேறிய அந்தப் புயல் நம் பக்கத்தையும் சும்மா விடவில்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலன்றும் நிலையம் மூடப்பட்டது. புயலும் வெள்ளமும் இல்லாமலே 2018 ஜனவரி 13 அன்று காலை சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அன்று போகி. பனியோடு எரித்த பழம்பொருள்களின் புகையும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்துவிட்டது. போகியன்று அதிகாலை விமானம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

*

ஒரே விமானம் ஒரு நாளில் நான்கு, ஐந்து, ஆறு ஊர்களுக்குப் போய்வருகிறது. காலையில் ஒரு ஊரில் தவறிய அரை மணி நேரம் மாலை வரை ஒவ்வொரு ஊராகத் தொடர்ந்து வரும். குறுந்தூரப் பாதையில் இறங்கி ஏறும் இடைவெளி குறைவாக வைக்கப்படுவதால், இழந்த நேரத்தை மீட்க வழி இல்லை. ஐரோப்பிய வான்வழி அமைப்பான யூரோகன்ட்ரோல் கணக்கில், அங்கே ஏற்படும் தாமதத்தில் கிட்டத்தட்டப் பாதி இப்படி முந்தைய விமானத்திலிருந்து வந்து சேர்ந்ததுதான். அதனால் மூடுபனிக் காலம் தவிர மற்ற நாட்களில் விடியலின் முதல் விமானத்துக்கே தாமத ஆபத்து குறைவு.

இன்னொன்று: குறித்த நேரத்துக்குப் பிறகு 15 நிமிடத்துக்குள் வந்தால் அது 'நேரத்துக்கு வந்த' விமானம்தான். டிஜிசிஏ மாதந்தோறும் வெளியிடும் நேரந்தவறாமைப் பட்டியலும் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்கிறது.

*

நம் ஊரிலிருந்து போகிறவருக்கு விமானத்துக்கு முன்னால் ரயில் இருக்கிறது. சூளூர்பேட்டையிலிருந்து சென்னை சென்ட்ரல் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே இறங்கி மெட்ரோவில் ஏறினால் விமான நிலையம். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் நின்றுவிட்டால்? பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு செக்-இன் கவுன்டரை மூடிவிடுகின்றன.

ரயில் தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு வாங்கித் தந்திருக்கிறது, தெரியுமா? 2016 ஜூனில் அஜ்மீரிலிருந்து ஜம்முவுக்கு வந்த ரயில், காலை எட்டேகாலுக்குள் வர வேண்டியது, நண்பகல் 12 மணிக்கு வந்தது. அதே 12 மணிக்கு ஸ்ரீநகர் விமானம் போய்விட்டது. குடும்பம் டாக்சி பிடித்துப் போனது. ரயில்வே சொன்ன வாதம், தாமதத்துக்குப் பொறுப்பேற்க முடியாது என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது என்பது. நீதிபதிகள் எம்.ஆர். ஷாவும் அனிருத்த போஸும் 2021 செப்டம்பர் 6 அன்று அதை ஏற்கவில்லை. தாமதத்துக்கான காரணத்தை நிரூபிக்க வேண்டியது ரயில்வேயின் கடமை, நிரூபிக்காவிட்டால் பணம் தர வேண்டும் என்றார்கள். டாக்சிக்கு 15,000 ரூபாய், முன்பதிவுச் செலவுக்கு 10,000, அதோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தொகை என்று இழப்பீடு உறுதியானது. இந்தத் தீர்ப்பிலும் வழக்கு நின்றது காரணத்தின் மேல்தான்.

*

முன்பதிவு செய்த ரயில் நீங்கள் ஏறும் நிலையத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தால், நீங்கள் பயணம் செய்யாவிட்டால், பிடித்தம் இல்லாமல் முழுப் பணமும் திரும்பும். ஆனால் ரயில் அங்கிருந்து கிளம்புவதற்குள் டிடிஆர் எனப்படும் ரீஃபண்ட் கோரிக்கையைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

*

விமானத்தைத் தவறவிட்டாலும் முழுப் பணமும் போய்விடுவதில்லை. ரீஃபண்ட் இல்லை என்று அச்சிட்ட சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். நீங்கள் பறக்கவே இல்லை. அந்தக் கட்டணத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

*

2025 டிசம்பர் முதல் வாரத்தை மறக்க முடியாது. விமானிகளின் பணிநேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள் வைத்துக்கொள்ளாததால் இண்டிகோவின் விமானங்கள் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிறியது. டிசம்பர் 6 அன்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. ரீஃபண்டை 7-ஆம் தேதி இரவு 8 மணிக்குள் முடிக்கவும் உத்தரவிட்டது. விமானிக்கு ஓய்வு தேவை என்பது பயணியின் உயிர்ப் பாதுகாப்பு. அதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாதது நிறுவனத்தின் பொறுப்பு. அந்த வாரம் கல்யாணத்தையும் நேர்முகத் தேர்வையும் தவறவிட்டவர்களுக்கு டிக்கெட் பணம் திரும்பியது மட்டும் ஈடாகாது.

*

ஏறி உட்கார்ந்த பிறகு விமானம் மணிக்கணக்கில் நின்றால் இறங்கி நிலையத்துக்குள் திரும்ப முடியுமா? 2024 ஜனவரியில் வட இந்தியப் பனியில் பயணிகள் தவித்த பிறகு வழி பிறந்தது. நீண்ட தாமதத்தின்போது பயணிகளைப் புறப்பாட்டு வாயில் வழியாகவே வெளியேற அனுமதிக்கும் நெறிமுறை அந்த மார்ச் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஜனவரியில் டிஜிசிஏ இன்னொன்றும் சொன்னது: மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், மக்களைக் கூட்டம் சேரவிடாமல் முன்கூட்டியே ரத்து செய்துவிடலாம்.

*

இப்போது கடல் தாண்டுவோம். பாரிஸ், சூரிச், ஆஸ்லோ, பெர்லின் என்று நம் உறவினர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற ஒழுங்குமுறை 2005 பிப்ரவரி 17 முதல் அமலில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் அதைப் பின்பற்றுகின்றன. 1,500 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600. டிக்கெட் 20 யூரோவுக்கு வாங்கியிருந்தாலும் 250 யூரோதான். ரத்துக்கும் ஏற்ற மறுப்பதற்கும் மட்டும் இருந்த இந்தப் பணம், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தவருக்கும் உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 நவம்பர் 19 அன்று தீர்ப்பளித்தது. இந்தியப் பயணிக்குக் கிடைக்காமல் இருப்பதில் முக்கியமானது இந்தப் படிதான். இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு உணவு, ரத்துக்கு இழப்பீடு என்று மற்றவை ஏறக்குறைய ஒரே அச்சு. தாமதத்துக்கும் ஒரு விலை வைத்தால் நம் ஊர் நிறுவனங்களும் உதிரி விமானத்தையும் உதிரி விமானியையும் வைத்துக்கொள்ளும் என்பது என் உறுதியான கருத்து.

*

'போய்ச் சேர்ந்த நேரம்' எது? சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட நேரமா? இல்லை. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வந்த நேரம். 2014 செப்டம்பர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இது. சில நிமிட வித்தியாசத்தில் 250 யூரோ வருவதும் போவதும் இதனால்தான்.

எரிமலைச் சாம்பலால் 2010-இல் ஐரோப்பிய வானமே மூடியபோதும், இழப்பீடு இல்லாவிட்டாலும் சாப்பாடும் தங்குமிடமும் தந்தே ஆக வேண்டும் என்றது அதே நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு. நம் விதியில் இந்தப் பாதுகாப்பு இல்லை. புயலில் மாட்டிய பயணிக்குப் பசிக்காதா?

*

சூரிச்சிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்னைக்கு ஒரே பிஎன்ஆரில் டிக்கெட். முதல் குட்டிப் பயணம் முக்கால் மணி தாமதமாகி, அடுத்த விமானம் தவறி, சென்னைக்கு மறுநாள் வருகிறீர்கள். நிறுவனத்தின் பிழையென்றால் இழப்பீடு குட்டிப் பயணத்தின் 250 அல்ல. முழுத் தூரத்துக்கான 600 யூரோ. கடைசி ஊருக்கு எப்போது சேர்ந்தீர்கள் என்பதே கணக்கு. தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் இந்த உரிமை இல்லை. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நாட்டு விமானத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும்போது, அது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும். பிரிட்டன் பிரிந்த பிறகும் இதே சட்டத்தைப் பவுண்டில் வைத்துக்கொண்டிருக்கிறது: 220, 350, 520.

*

சர்வதேசப் பயணத்தில் பெட்டி உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள்.

*

புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விமானம் சென்னையில் ஏறியதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. டிக்கெட்டுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.